படகுக்குப் பின்விளக்கு

வெள்ளம் வந்தால் ஏரிக்கால்பட்டில் யாரும் யாரையும் கூவி அழைக்க மாட்டார்கள். மேடான இடமாகப் பார்த்து ஏறி உட்கார்ந்துகொண்டு கிழக்கே பார்ப்பார்கள். கிழக்குத் தெருவிலிருந்து படகு வரும். கோதண்டராமன் வீட்டுப் படகு. அவருடைய தாத்தா ஏகாம்பரம் காலத்தில் வந்தது; அப்பா தாமோதரம் காலத்தில் வந்தது; எண்பத்தைந்தாம் வருஷத்து மழையில் கோதண்டராமனே கழி பிடித்து நூற்றுப் பதினேழு பேரைக் கரை சேர்த்தார். கோவிந்தம்மா அன்றைக்கு நிறைமாதக்காரி. படகிலேயே வலி எடுத்துப் பள்ளிக்கூட வாசலில் பெற்றாள். கூலி என்று ஒரு வெற்றிலைகூட அந்த வீடு வாங்கியதில்லை. ஊர் வைத்த பெயர் ‘படகு வூடு’. நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போன பிறகும் பெயர் மட்டும் போகவில்லை. அறுபத்தெட்டு வயதிலும் கோதண்டராமன் முதுகு வளையாமல் நடந்தார் என்றால் அந்தப் பெயரை ஊன்றிக்கொண்டுதான் நடந்தார்.

ஒவ்வொரு ஐப்பசி முதல் தேதியும் படகுக்குத் தண்ணீர் புகாமல் கீல் பூசி, ஏரியில் இறக்கி, ஒரு தேங்காய் உடைத்துக் கரையில் கட்டி வைப்பது அந்த வீட்டு வழக்கம். வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் கம்பெனிச் சுவர் எழும்பிய பிறகு, சுவரில் இருந்த ஒரு சின்ன கேட் வழியாகத் தோளில் சுமந்து கொண்டுபோனார்கள். 2015ஆம் வருஷம் அந்தக் கேட்டையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். இனி வல்லக்கோட்டை ரோட்டில் சுற்றிக்கொண்டு நாலு கிலோமீட்டர் போக வேண்டும். பதினெட்டு அடிப் படகை யார் சுமப்பது?

மாசானம்தான் வழி சொன்னான். திசையன்விளைப் பக்கத்துக்காரன், இருபத்தெட்டு வயது. கார்களுக்குப் பின்விளக்கு செய்கிற கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. ஊரின் மேற்கே, ஏரிக்குத் தண்ணீர் வருகிற கால்வாயைத் தூர்த்துக் கட்டிய லைன் வீடுகளில் அவனைப் போல நாற்பது பேர் குடியிருந்தார்கள். வெல்டிங் தெரிந்தவன். பழைய ஜீப்பின் அச்சு ஒன்றை வாங்கி, இரண்டு வாரவிடுமுறையில் டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுக்க ஒரு டிரெய்லர் செய்து கொடுத்தான்.

அவன் அறையைப் பார்க்கப் போனபோது கோதண்டராமன் வாசலில் நின்றே சொன்னார்: “தம்பி, நீங்க படுத்துக்கினு கீறது தண்ணி போற வழி. ஆனா பயப்படாதே. தண்ணி வந்தா படகு வரும். இது படகு வூட்டு வார்த்தை.”

“எங்க ஊர்ல குடிக்கவே தண்ணி வராது பெரியப்பா,” என்று மாசானம் சிரித்தான். “ஆனா நீங்க சொல்லுதீய. நம்புதேன்.”

ஐப்பசி முதல் தேதி காலை பதினோரு மணிக்குப் படகு ரோட்டில் ஏறியது. இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் ஒரு ஜீப் குறுக்கே வந்து நின்றது. கதவில் ‘இழுவண்டிப் பின்புற ஒளி ஒழுங்கு அலுவலகம்’ என்று எழுதியிருந்தது. ஊர்க்காரர்கள் அதை லைட் ஆபீசு என்பார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அன்றுதான் கோதண்டராமனுக்குத் தெரிய ஆரம்பித்தது.

இறங்கியவர் ஒளி ஆய்வாளர் ஜீவானந்தம். நன்றாகத் தேய்த்த சட்டை. டிரெய்லரின் பின்னால் போய் நின்று, இல்லாத ஒன்றை வெகுநேரம் பார்த்தார்.

“பெரியவரே, பின்னால லைட் எங்க?”

“மணி பதினொண்ணு ஆவுது சார். பட்டப்பகல்.”

“மணி கேக்கல. லைட் கேட்டேன்.”

“நாலு கிலோமீட்டர். இருட்டறதுக்குள்ள போயி, எறக்கிட்டு, சாப்புட்டுத் தூங்கியும் எழுந்துடுவேன்.”

“போற வழியில கிரகணம் புடிச்சா?”

கேலி செய்கிறாரோ என்று கோதண்டராமன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். கேலி இல்லை. அந்த முகத்தில் அதற்கு இடமே இல்லை.

டிராக்டரில் இருந்த மாசானம் மெல்லச் சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோனான். ஜீவானந்தம் இரண்டடி பின்வாங்கினார். “அந்த வேலையே வேணாம். நான் வாங்கற ஆள் இல்ல.” இதைக் கேட்டதும் கோதண்டராமனுக்கு அவர்மேல் ஒரு மரியாதைகூட உண்டாயிற்று. வாங்குகிறவனிடம் காரியத்துக்கு ஒரு முடிவு உண்டு, வாங்காதவனிடம் அதுவும் கிடையாது என்பது பின்னால்தான் அவருக்கு விளங்கியது.

படகும் டிரெய்லரும் லைட் ஆபீசு வளாகத்துக்குப் போயின. படகைச் சுற்றி டிரெய்லரோடு சேர்த்துக் கயிறு கட்டி, முடிச்சில் அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள். எழுத்தர் கனகம் ஒரு படிவத்தை நீட்டினாள். ‘சான்று பெறும்வரை மேற்படி முத்திரையை அகற்றவோ ஊர்தியை நகர்த்தவோ மாட்டேன் என உறுதி கூறுகிறேன்.’

“பேரு, அப்பா பேரு மட்டும் போதும் சார்,” என்றாள் கனகம்.

“தாத்தா பேரையும் போடும்மா. எங்க வூட்டுல கையெழுத்து போட்டா மூணு பேரு போட்ட மாதிரி.”

படிவத்தில் அதற்கு இடம் இல்லை. ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தவர் வளாகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போனார்.

“சார், இந்த ஆபீசு கட்டிகீற எடம் ஏரிக்கு வரத்துக்கால் ஆச்சே.”

“இது அப்ரூவ்டு லேஅவுட்,” என்றார் ஜீவானந்தம். “தண்ணீருக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல. நாங்க ஒளி.”

மறுநாளே கோதண்டராமன் விளக்கு வாங்க ஸ்ரீபெரும்புதூருக்குக் கிளம்பினார். மாசானம் தடுத்தான். “கம்பெனியில ஒரு நாளைக்கு நாலாயிரம் பின்லைட்டு பண்ணுதோம் பெரியப்பா. சின்னக் கீறல் விழுந்தாலும் சுத்தியல வச்சு நொறுக்குதாவ. நொறுக்குததுல ரெண்டு கொண்டாரட்டா?”

“திருட்டு வெளக்க வச்சிக்கினு எங்க தாத்தா படகு போவணுமா?” என்றார் கோதண்டராமன். கடையில் வாங்கிய விளக்குகளை டிரெய்லரின் பின்கட்டையில் மாசானம் பொருத்தினான்.

ஜீவானந்தம் வந்து பார்த்தார். “விளக்கு எரியுது. ஆனா தெரியலையே.”

“படகு மூணு அடி பின்னால நீட்டிக்கினு கீது. அது மறைக்குது.”

“மறைக்கிற விளக்கு விளக்கே இல்ல. விதிப்படி கடைசிப் பாகத்துல இருக்கணும். கடைசிப் பாகம் எது? படகு.”

படகின் பின்பலகையில் இரண்டு விளக்கு வைத்தார்கள். ஏகாம்பரம் உளி பிடித்துச் செதுக்கிய பலகையில் டிரில் இறங்கியபோது கோதண்டராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜீவானந்தம் வந்து பார்த்துத் தலையாட்டினார். பிறகு கேட்டார்: “ஏரியில படகை இறக்கிட்டுக் காலி டிரெய்லர் திரும்பி வருமே, அப்ப அதுக்கு விளக்கு?”

“அதைத்தான் முன்னமே வச்சோமே சார்.”

“அப்ப எடுக்காதீங்க. ரெண்டுலயும் இருக்கட்டும்.”

இரண்டிலும் இருந்தது. அடுத்த வாரம் எல்லாவற்றையும் எரியவிட்டுப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார். “நாலு சிவப்பு எரியுதே. ரெண்டுக்கு மேல எரியக் கூடாது.”

“நீங்கதானே அங்க ரெண்டு, இங்க ரெண்டுன்னீங்க?”

“தனித்தனியா பார்த்தா ரெண்டும் சரி. சேர்த்துப் பார்த்தா குற்றம். நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க, இது புரியலையா?”

மாசானம் ஒரு ஸ்விட்ச் வைத்தான். படகு ஏறியிருந்தால் கீழ் விளக்கு அணையும், இறங்கினால் எரியும். ஜீவானந்தம் அந்த ஸ்விட்சை இருபது முறை போட்டு அணைத்தார். குழந்தைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி ஒரு சந்தோஷம் முகத்தில் வந்து போயிற்று. பிறகு சொன்னார்: “நல்ல யோசனை. ஆனா இதுக்கு விதி இல்ல. விதி இல்லாத பொருளை நாங்க தடுக்க முடியாது. அனுமதிக்கவும் முடியாது. மேலிடத்துக்கு எழுதறோம்.”

கோதண்டராமன் வீட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் மனைவி மரகதம் வாசலில் நிற்பாள். “இன்னாங்க, இன்னிக்கு எந்த லைட்டு?”

“ஸ்விட்சு.”

“ஐப்பசி பாதி போயிடுச்சி. எங்க மாமனாரு ஐப்பசியில படகில்லாத ஏரியப் பார்த்ததே கெடயாது. நீங்க வயருக்கும் பல்புக்கும் தெண்டம் கட்டிக்கினு கீறீங்க.”

அவர் கால் கழுவிக்கொண்டு உள்ளே போவார். அவள் சொல்வது சரி என்பதுதான் அவரைச் சுட்டது.

மேலிடத்திலிருந்து பதில் வந்தது. ஸ்விட்ச் இருக்கலாம், ஆனால் விளக்குகளை இருட்டில் சோதிக்க வேண்டும். லைட் ஆபீசு வேலைநேரம் காலை பத்து முதல் மாலை ஐந்தே முக்கால். அந்த நேரத்தில் இருட்டு கிடைக்காது. ஆகவே ஒரு பெரிய தார்ப்பாயைக் கொண்டுவந்து படகின்மேல் போர்த்தினார்கள். ஜீவானந்தமும் கனகமும் கோதண்டராமனும் குனிந்து உள்ளே போனார்கள். உள்ளே புழுக்கமும் கீல் நாற்றமும் மூச்சை அடைத்தன.

“இருட்டா இருக்கா?” என்றது ஜீவானந்தத்தின் குரல்.

“இருக்கு.”

“உங்களுக்குத் தெரியுது. ஃபைலுக்கு எப்படித் தெரியும்? கனகம், ‘போதிய இருட்டு நிலவியது’ன்னு எழுதும்மா.”

“இருட்டுல எழுத்து தெரியல சார்.”

“அதையும் எழுது. அதுதான் ஆதாரம்.”

அப்போது தார்ப்பாயில் இருந்த ஒரு ஓட்டை வழியாக வெயில் ஒரு நூலாக இறங்கி, ஜீவானந்தத்தின் வழுக்கைமேல் விழுந்தது. சோதனை தோற்றது. ஒளிக்கசிவு இல்லாத தார்ப்பாய்க்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. பத்து நாள் கழித்து அது வந்து, இருட்டு தேறி, விளக்குகளும் தேறின. கோதண்டராமன் சான்றுக்குக் கையை நீட்டினார்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு,” என்றார் ஜீவானந்தம். “மத்த டிரெய்லர் மாதிரி இல்ல இது. படகை இறக்கும்போது பின்பக்கம் தண்ணியில முங்கும். முங்கினாலும் விளக்கு எரியணும். நீர்ச் சோதனை பாக்கி இருக்கு.”

“ஏரிக்குக் கொண்டுபோயி முக்கிப் பாருங்க. நானும் அதைத்தானே ஒரு மாசமா கேக்கறேன்.”

“சான்று இல்லாம ஏரிக்கு எப்படிப் போறது?”

“போவாம எப்படிச் சோதிக்கிறது?”

“அதான் பரிசீலனையில இருக்கு,” என்று ஜீவானந்தம் மிகுந்த பொறுமையோடு சொன்னார்.

கார்த்திகை பிறந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. ஏரியில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. அந்த வாரம்தான் ‘பின்புற ஒளி விழிப்புணர்வு வாரம்’. சென்னையிலிருந்து கூடுதல் இயக்குநர் ராஜாமணி வந்தார். வளாகத்தில் பந்தல் போட்டு, படகுக்குச் சீரியல் பல்பு சுற்றி, நடுவில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். கோதண்டராமனை முன்வரிசையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்தினார்கள். தன் படகைக் கட்டி வைத்தவன் கையால் சால்வை வாங்கியதில் அவருக்கு முதுகு கூசியது. மடித்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

ராஜாமணி பேசினார்.

“பெரியோர்களே! இந்த அலுவலகம் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆறு ஆண்டுகளில் இந்தச் சரகத்தில் பின்விளக்கு இல்லாத படகு இழுவண்டிகள் எத்தனை தெரியுமா? பூஜ்யம். பின்விளக்கு உள்ளவை எத்தனை? அதுவும் பூஜ்யம். ஏனென்றால் படகு இழுவண்டியே இல்லை. இருந்தும் நாங்கள் சோர்ந்துவிட்டோமா? பதினோரு பணியிடங்களையும் கண்ணை இமை காப்பதுபோலக் காத்துவந்தோம். என்றாவது ஒரு நாள் ஒரு படகு வரும் என்று நம்பினோம். வந்தது! (கைதட்டல்.) இதை உடனே அனுப்பிவிடலாம் என்று சில பேர் சொல்கிறார்கள். அனுப்பிவிட்டால் நாளைக்கு இந்த அலுவலகம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கும்? படகு ஏரிக்குள் இறங்கிய நிமிஷமே அது நம் அதிகாரத்தைவிட்டுப் போய்விடுகிறது. ஆகவேதான் இதை அவசரப்படாமல், அக்கறையோடு, ஆழமாகப் பரிசீலித்துக்கொண்டிருக்கிறோம்.”

கூட்டத்திலேயே உரக்கக் கைதட்டியவர் ஜீவானந்தம். கோதண்டராமன் எழுந்து நின்றார். “ஐயா, மழை வந்துக்கினு கீது. ஊர்ல தண்ணி ஏறினா ஜனங்களுக்கு இந்தப் படகுதான்.”

ராஜாமணி மைக்கை விட்டு நகராமலே புன்னகைத்தார். “பெரியவருடைய கவலை நியாயமானது. வெள்ளக் காலத்தில் பின்விளக்கின் பங்கு என்பது பற்றி அடுத்த ஆண்டு ஒரு கருத்தரங்கு வைப்போம்.”

நவம்பர் கடைசி நாள் சாயங்காலம் வானம் கறுத்துப் போயிருந்தது. மாசானம் மூன்று பேரோடு நனைந்துகொண்டு வந்தான்.

“பெரியப்பா, ஏரி நெறஞ்சு கலங்கல்ல தண்ணி தாண்டப் போவுது. ஆபீசைப் பூட்டிட்டுப் போயிட்டாவ. வாட்ச்மேனும் இல்ல. கயித்த அறுத்துட்டு இப்பமே இழுத்துட்டு வந்துருவோம். டிராக்டர் ரெடியா நிக்கி.”

மரகதம் உள்ளேயிருந்து, “போங்க!” என்றாள்.

கோதண்டராமன் சுவரில் சாத்தியிருந்த கழியைப் பார்த்தார். “கையெழுத்து போட்டுட்டேன்டா. மூணு பேரு பேரையும் போட்டுட்டேன்.”

“அது கடுதாசி பெரியப்பா.”

“எங்க வூட்டுப் பொருள நாங்களே திருடிக்கினு வந்தோம்னு பேரு வரணுமா? நாளைக்கு நானே போயி அந்த ஆளாண்ட வாங்கிக்கினு வரேன். நேர் வழியில வந்த படகுதான் இந்த வூட்டுப் படகு.”

மாசானம் அவரைப் பார்த்தான். பிறகு மழையில் இறங்கிப் போனான்.

மறுநாள் முழுக்க மழை விடவில்லை; அவரால் தெருவைத் தாண்ட முடியவில்லை. அதற்கடுத்த நாள் விடியும்போது கலங்கல் தாண்டிய தண்ணீர் மேற்குத் தெருவுக்குள் வந்துவிட்டது. கோதண்டராமன் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். வெள்ளம் வந்தால் கழி எடுப்பது அவருக்குக் கை பழகிய காரியம். அவர் கையில் அன்று கழி மட்டும்தான் இருந்தது. கோவிந்தம்மா தன் வீட்டுச் சன்ஷேடில் பேரப்பிள்ளைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்து, கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யோவ் படகு வூட்டுக்காரரே! கழி கீது, படகு எங்க?”

“வருது கோவிந்தம்மா. தோ, வருது,” என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அது. அதற்கு மேல் அவளைப் பார்க்காமல் நடந்தார்.

மூன்று கிலோமீட்டர் தண்ணீரில் நடந்து அவர் லைட் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் விடுமுறை விட்டிருந்தார்கள். லைட் ஆபீசுக்கு இல்லை. பத்து மணிக்குக் கையெழுத்துப் போடவேண்டும் என்று ஜீவானந்தமும் கனகமும் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்திருந்தார்கள். அதற்குள் வரத்துக்கால் தன் பழைய வழியைக் கண்டுபிடித்துக்கொண்டு வளாகத்துக்குள் நுழைந்துவிட்டது. இரண்டு பேரும் ஃபைல் கட்டுகளோடு படகில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் படகு எழும்பவில்லை. டிரெய்லரோடு சேர்த்துக் கட்டிய கயிறு அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் தண்ணீர் ஏற ஏற, அது படகின் விளிம்பைத் தாண்டி உள்ளே கொட்டியது. கனகம் சாப்பாட்டு டப்பா மூடியால் இறைத்துக்கொண்டிருந்தாள்.

“கயித்த அறுக்க வேண்டியதுதானே?” என்று கத்தினார் கோதண்டராமன்.

“சீல் இருக்கு பெரியவரே! ரெண்டு சாட்சி இல்லாம உடைக்கக் கூடாது.”

“நீங்க ரெண்டு பேர் கீறீங்களே!”

“நாங்க டிபார்ட்மெண்ட்! சாட்சி வெளியாளா இருக்கணும்!”

“மாடிக்காவது ஏறித் தொலைங்களேன்.”

“மாடி வேற டிபார்ட்மெண்ட் சார்,” என்றாள் கனகம் அழுதுகொண்டே. “சாவி இல்ல. படிக்கட்டும் அவங்களுதுதான்.”

கோதண்டராமன் இடுப்பிலிருந்து கொடுவாளை எடுத்தார். கயிற்றில் வைத்தார். கை அறுக்கவில்லை. ஏகாம்பரம், தாமோதரம், கோதண்டராமன் என்று படிவத்தில் எழுதிய மூன்று பேரும் அந்த அரக்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நேரத்தில் ஜீவானந்தம், “அட!” என்றார். யாராவது பார்க்கட்டும் என்று அவர் சோதனைக்கு வைத்திருந்த பேட்டரியைப் போட்டு, கீழ் விளக்கின் ஸ்விட்சையும் போட்டு எல்லா விளக்கையும் எரியவிட்டிருந்தார். இரண்டடித் தண்ணீருக்குக் கீழே, கலங்கிய செந்நிறத்தில், டிரெய்லரின் விளக்குகள் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன.

“எரியுது பெரியவரே! முங்கியும் எரியுது! நீர்ச் சோதனை பாஸ்!”

“எழுது,” என்றார் கோதண்டராமன்.

“என்ன?”

“பாஸுன்னு எழுதிக் கையெழுத்து போடுய்யா. அப்பதான் அறுப்பேன்.”

ஆகவே அந்த வெள்ளத்தில், ஒருவர் மூழ்கிக்கொண்டே சான்று எழுதினார். இன்னொருவர் கழுத்துவரை தண்ணீரில் நின்றுகொண்டு அது எழுதி முடியக் காத்திருந்தார். தேதி தப்பாக விழுந்து ஒரு முறை அடித்தும் எழுதினார்கள். கையெழுத்து விழுந்ததும் கொடுவாள் இறங்கியது. படகு ஒரு மாடு திமிறி எழுவதுபோல எழும்பியது.

“பள்ளிக்கூடத்துக்குப் போங்க,” என்றார் ஜீவானந்தம், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு.

“எறங்கு.”

“பெரியவரே, நான் அரசு ஊழியர்.”

“ஒனக்குப் படிக்கட்டு கீது. சன்ஷேடுல குந்திக்கினு கீறவங்களுக்கு அதுவும் இல்ல. எறங்குறியா, கழியால தள்ளட்டுமா?”

இரண்டு பேரும் வேறு டிபார்ட்மெண்டின் படிக்கட்டில் இறங்கி, பூட்டிய கதவுக்கு வெளியே நின்றார்கள். கோதண்டராமன் எண்பத்தைந்தாம் வருஷத்தில் தள்ளியதைவிட வேகமாகத் தள்ளினார்.

மேற்குத் தெருவில் படகு நுழைந்தபோது சன்ஷேடில் கோவிந்தம்மா இல்லை. லைன் வீடுகளின் கூரைமட்டம் வரை தண்ணீர். மேலே ஒரு காக்கை மட்டும் இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு கூரையாகப் போனார். எங்கிருந்தும் குரல் வரவில்லை.

பள்ளிக்கூடத்து மாடியிலிருந்துதான் யாரோ கை அசைத்தார்கள். எல்லாரும் அங்கே இருந்தார்கள். வாசலில் ஒரு தெப்பம் கட்டிக்கிடந்தது. கம்பெனி மரப்பலகைகள், அவற்றின் அடியில், விளக்கு அடைத்து வரும் தெர்மாகோல் பெட்டிகள், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியது நாற்பது பேருடைய அடையாள அட்டைப் பட்டைகள். பின்னால் கீறல் விழுந்த ஒரு கார் விளக்கு, ஒரு பைக் பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது. அறுபத்து மூன்று பேரை அதில் ஏற்றி வந்திருந்தார்கள்.

மாசானம் தண்ணீரில் இறங்கி வந்து படகைப் பிடித்தான். “ஒம்பது மணி வரைக்கும் கிழக்கயே பாத்துக்கிட்டு இருந்தோம் பெரியப்பா,” என்றான். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டிருந்த கோவிந்தம்மா கேட்டாள்: “இப்பதான் விடிஞ்சிதா படகு வூட்டுக்கு?”

அவர் தலை நிமிரவில்லை. முதுகு முதல்முறையாக வளைந்தது.

“இன்னும் யாராச்சும் மாட்டிக்கிட்டு இருக்காவளா?” என்றான் மாசானம்.

கோதண்டராமன் சொன்னார்: “ரெண்டு பேர் கீறாங்க.”

திரும்பவும் கழி போட்டார். தண்ணீர் வந்தால் இன்னார்தான் என்று பார்க்காமல் ஏற்ற வேண்டும். அதுவும் அந்த வீட்டு வழக்கம்தான். ஆக, மூன்று தலைமுறையாக ஊரைச் சுமந்த படகு, அந்த வெள்ளத்தில் ஜீவானந்தத்தையும் கனகத்தையும் நாலு கட்டு ஃபைலையும் சுமந்து வந்தது. மாடியில் இருந்த ஊரே பார்த்தது. பாதி வழியில் ஜீவானந்தம் கேட்டார்: “பின்னால விளக்கு எரியுதா பெரியவரே?”

பள்ளிக்கூட வாசலில் இறங்கிச் சட்டையைப் பிழிந்த ஜீவானந்தத்தின் கண் தெப்பத்தின்மேல் விழுந்தது. அதன் பின்னால் போய் நின்று வெகுநேரம் பார்த்தார்.

“ஒரு விளக்குதானே எரியுது? ரெண்டு இருக்கணும். இது யாரோடது? இந்தப் பலகை, விளக்கெல்லாம் எந்தக் கம்பெனிப் பொருள்? கனகம், ஃபைலை எடு.”

மாசானம் முன்னால் ஒரு அடி வைத்தான். ஒப்பந்தத் தொழிலாளிமேல் ஒரு காகிதம் போனால் மறுநாள் கம்பெனிக் கேட்டு திறக்காது என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

கோதண்டராமன் கழியைக் குறுக்கே நீட்டி அவனை நிறுத்தினார். படகிலிருந்து இறங்கினார். முதுகு நேராயிற்று.

“என்னோடது. நான்தான் கட்டச் சொன்னேன். எழுதிக்கோ.”

“பெரியப்பா, வேண்டாம்…”

“நீ சும்மா கெட. எழுதும்மா. பேரு கோதண்டராமன். அப்பா பேரு தாமோதரம்.”

கனகத்தின் பேனா நனைந்து எழுதவில்லை. யாரோ ஒரு பிள்ளை பள்ளிக்கூடப் பென்சில் ஒன்றைக் கொடுத்தது. அவள் எழுதி முடித்துப் படிவத்தை நீட்டினாள்.

அவர் வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

“தாத்தா பேரு உட்டுட்டியே. எடம் இல்லன்னா ஓரத்துல போடு.”

மேலே கைப்பிடிச் சுவரிலிருந்து கோவிந்தம்மா குனிந்து பார்த்தாள். “நல்லா அழுத்தி எழுதும்மா,” என்றாள். “தண்ணியில அழிஞ்சிடப் போவுது.”